தீபாவளித் தண்ணீர்

அன்புள்ள மாமாவுக்கு வெண்மதி எழுதுவது. நான் நலம். சிதம்பரத்தில் மழை ஜாஸ்தியாமே, அத்தைக்கு மூச்சிரைப்பு இல்லையே?

இங்கே மஸ்கட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ் கழிவுநீரைத்தான் நான் சோதிக்கிறேன். தினமும் சோப்பு நுரையும் சோற்றுக் கஞ்சியுமாக வரும். போன வாரம் ஒரு நாள் பாட்டிலில் எண்ணெய் படலமாக மிதந்தது, அடியில் பழுப்புத் தூள். மெஷின் எண்ணெய் கசிகிறதென்று கத்தி, பம்பையே நிறுத்த வைத்துவிட்டேன். கூட வேலை பார்க்கும் ராஜாமணி அண்ணன் மோந்து பார்த்துவிட்டு, "நல்லெண்ணெயும் சீயக்காயும்மா. இன்னைக்கு தீவாளி, மறந்துட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் போனில் நீங்கள், "எண்ண வச்சிக் குளிச்சியா?" என்றபோது குளித்தேன் என்றேன். பொய் மாமா. குவார்ட்டர்ஸே குளித்த அந்தத் தண்ணீரில் என் தலை எண்ணெய் மட்டும்தான் இல்லை.

அதற்காக வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லாதீர்கள். அரசுத் தேர்வில் தேறி, கடலூரிலேயே இதே வேலைக்குச் சேர்வதென்றால்தான் வருவேன்.

இக்கடிதத்தை ஊருக்கு வரும் ராஜாமணி அண்ணனிடம் தருகிறேன். அவர் திரும்பும்போது திருப்பாதிரிப்புலியூரில் அரைத்த சீயக்காய்த்தூள் கொடுத்தனுப்புங்கள். அவரை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகக் கார் வந்துவிட்டது, முடிக்கிறேன். சீயக்காய் வந்த மறுநாள் பாட்டிலில் எண்ணெய் மிதந்தால் பம்பை நிறுத்த மாட்டேன். அது என்னுடையது.

வெண்மதி