பீப்பாய்க்குள் இருப்பவள்

திங்கள், ஜூன் 8

விடிந்தும் மழை. தோக்கியோ நேரப்படி மணி எட்டு. வெளிச்சம் சரியாக வரவில்லை. ஊரைப் பிடித்த படைக்காரர்கள் கடிகாரத்தை எல்லாம் மாற்றிவிட்டார்கள். இங்கே கத்துகிறவை எல்லாம் பழைய நேரத்துக்கே கத்துகின்றன.

வெள்ளைக்காரத் துரையைச் சாங்கிச் சிறையில் போட்டுவிட்டார்கள். தேசம் தேசமாக மிருகமும் பறவையும் வாங்கிக் கப்பலேற்றிய இந்தக் கொட்டடிக்கு இப்போது பொறுப்பு, கணக்கெழுத வந்த நான். யாழ்ப்பாணத்தான் என்றால் எதையும் ஒப்படைக்கலாம் என்று துரைக்கு நினைப்பு. தீனி போடக் காதர் இருக்கிறான், நாகூர்க்காரன். அவன் இல்லாவிட்டால் நான் என்றோ ஓடியிருப்பேன்.

மிச்சம்: தெனுக் ஒன்று (பன்றியுமில்லை, யானையுமில்லை, பாதி கறுப்பு, பாதி வெள்ளை). நியூகினிக் கசுவாரிப் பறவை ஒன்று, மகா கோபக்காரி. மடகாஸ்கரிலிருந்து வந்த வளையவால் லெமூர் (குரங்குச் சாதி) இரண்டு. தேவாங்கு. செதில் போர்த்த அழுங்கு. இருவாச்சிப் பறவை ஒரு சோடி. மான்கள் படைச் சமையலுக்குப் போய்விட்டன.

இருவாச்சிப் பெண் பீப்பாய்க்குள். மரப் பீப்பாயில் ஒரு ஓட்டை. உள்ளே போய் உட்கார்ந்து, மண்ணையும் தன் எச்சத்தையும் குழைத்து வாசலைத் தானே பூசி அடைத்துக்கொண்டாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். இறகை உதிர்த்துவிட்டு முட்டைமேல் இருக்கிறாளாம். ஆண் வெளியிலிருந்து பழத்தைத் தொண்டையில் சேர்த்து வந்து, ஒரு குரல் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து ஊட்டுகிறான். காதர் அவனை மாப்பிள்ளை என்பான்.

செவ்வாய்

படைக் கப்பித்தான் ஒருவர் வந்தார். கூட மொழிபெயர்க்க ஒரு தைவான் இளைஞன், மலாய் பேசுகிறான். நானும் காதரும் இடுப்பு வளைய வணங்கினோம்.

கப்பித்தானுக்குப் பறவை என்றால் பிரியம் போல. கசுவாரியைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். ஜெனரல் பங்களாவுக்கு ஒரு நல்ல பறவை வேண்டுமாம். மாப்பிள்ளையின் அலகுமேல் இருந்த சிவந்த கொம்பைக் கண்டதும் முடிவாகிவிட்டது. சோடி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

“இல்லை, ஒன்றுதான்” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. உண்டென்றால் பீப்பாயை உடைத்து அவளையும் தூக்கிப் போவார்கள். உடம்பில் இறகில்லை, கீழே முட்டை. பிழைக்கவே மாட்டாள். ஆனால் இது தலை போகிற பொய்.

லாரியில் ஏற்றும்போது மாப்பிள்ளையின் தொண்டை புடைத்திருந்தது. ஊட்டுவதற்காகச் சேர்த்த பழம்.

வியாழன்

அவள் எதையும் வாங்கவில்லை. மூங்கில் குச்சியில் பப்பாளித் துண்டு குத்திக் கீறலருகே நீட்டினேன். சத்தமே இல்லை. நேற்றும் இப்படித்தான்.

காதர்: “உள்ளயே மவுத்தாப் போச்சு போலங்க ஐயா. ஒடச்சுப் பாத்துடலாமா?”

சுத்தியலை எடுத்துக் கொடுத்தது நான்தான். அவன் ஓங்கிவிட்டான். அப்போது உள்ளே மெதுவாக ஒரு பிறாண்டல். சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அவன் அல்லா என்றான், நான் முருகா என்றேன்.

உயிரோடிருக்கிறாள். ஆனால் பட்டினி.

வீட்டில் மரவள்ளிக் கிழங்கு. மனைவி செல்லத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யைக் கேட்டு ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை.

“தாய்ப் பறவை எல்லே. ஆரெண்டு தெரியாமல் வாயைத் திறக்குமே? அந்த ஆண் பறவை முதல் சத்தம் போடுமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நீங்களும் ஒருக்காச் சத்தம் போட்டுப் பாருங்கோவன்.”

“நானோ?”

“வேற ஆர்? வெக்கமெண்டால் பட்டினி கிடக்கட்டும்.”

வெள்ளி

காதரை முதலில் கத்தச் சொன்னேன். ஆட்டுக்கிடா மாதிரி இருந்தது. கடைசியில் நானே. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பீப்பாயருகே குனிந்து, அடித்தொண்டையிலிருந்து: க்ராங்க், க்ராங்க். பதினெட்டு வருஷம் கிளார்க்கர் உத்தியோகம் பார்த்தவன்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. மறுபடி. தொண்டை கட்டிப்போனது.

கீறலில் அலகு நுனி தெரிந்தது! பப்பாளியை வைத்தேன். வாங்கினாள். இன்னொன்று. அதையும்.

கண் கலங்கிவிட்டது. காதர் கசுவாரியைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றான். நல்லவன்.

ஞாயிறு, ஜூன் 28

வெயில். தேக்காச் சந்தையில் பப்பாளி இல்லை. கால்வாய்க்கரை ஆலமரத்தில் ஏறிக் காதர் பழம் உலுக்கி வந்தான், முழங்காலில் சிராய்ப்பு. பல்லி, கரப்பான் கிடைத்தாலும் கொடுக்கிறோம். லெமூர் ஒன்று செத்தது. எழுதவே பிடிக்கவில்லை.

பக்கத்துப் பால்காரர் மனைவி காதரிடம் கேட்டாளாம்: “ஒங்க கிளார்க்கரு ஐயாவுக்கு என்னா? காலைல எந்திரிச்சு தெனம் இப்படிக் கத்துறாரு. பாவம், ரெண்டு கஷாயம் வச்சுக் குடுங்கலா.”

கத்திவிட்டுப் போகிறேன். இன்று பீப்பாய்க்குள் இரண்டு குரல். ஒன்று மிகச் சன்னமானது. செல்லத்திடம் சொன்னதும், குஞ்சு பொரித்த வீட்டுக்குக் கொண்டுபோங்கோ என்று தன் பங்கு வாழைப்பழத்தைத் தந்தாள்.

வியாழன், ஜூலை 2

கப்பித்தான் சிப்பாய்களோடு மறுபடி வந்தார். நல்ல தீனி நேரம். தெனுக்கின் முன் நின்றுகொண்டிருந்தபோது பீப்பாய்க்குள் குஞ்சு கத்த ஆரம்பித்தது.

அது என்ன சத்தம் என்று கேட்டான் தைவான்காரன். நான்தான் என்றேன். கத்திக் காட்டினேன். சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்; இன்னொரு தடவை என்றார்கள். கத்தினேன். கீறல் வழியே அலகு நீண்டுவிட்டது. எனக்காக.

சிரிப்பு நின்றது. கப்பித்தான் பீப்பாயருகே போனார். மண் பூச்சைத் தடவிப் பார்த்தார், கீறலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை உயர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கை நான் பழம் வைத்திருந்த தகரக் குவளைக்குத்தான் வந்தது. ஆலம்பழம் ஒன்றை எடுத்துக் கீறலில் நீட்டினார். அலகு உள்ளே போய்விட்டது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். குரல் கொடுத்தேன். அவர் கையிலிருந்து வாங்கினாள்.

பிறகு ஏதோ மெதுவாகப் பேசினார். தைவான்காரன் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

ஜெனரல் பங்களாவில் அந்தப் பறவை செத்துவிட்டது. எதைப் போட்டாலும் விழுங்கவில்லை. பழத்தை அலகு நுனியில் பிடித்துக்கொண்டு, சுவர் சுவராகப் போய்ப் பலகை இடுக்கிலெல்லாம் தட்டிக்கொண்டே இருந்தது. பைத்தியம் என்று எல்லோரும் சிரித்தார்கள். கப்பித்தானும் சிரித்தாராம்.

“ஒரு பறவைதான் என்று நீ சொன்னாய். ஒன்றுதான் என்று அவரும் கணக்கில் எழுதியிருக்கிறார். அப்படியே இருக்கட்டும் என்கிறார்.”

லாரி போய்விட்டது. காதர் தரையில் உட்கார்ந்து அழுதான். குவளையில் இன்னும் பழம் இருந்தது. குனிந்து மாப்பிள்ளையின் குரலில் கூப்பிட்டேன். அவன்தான் என்று நம்பி வாங்கிக்கொண்டாள்.