கதவு எண் ஒன்று, அடுப்பு பதினொன்று

இன்று காலை கிருஷ்ணகிரி ஆபீசில் கணினியைத் திறந்ததும் திரையில் சிவப்பு எழுத்தில் உன் பேச்சு வந்து நின்றது: "ஒரே கதவு நம்பர்னா ஒரே குடும்பமா? மொதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க சாமி." ஜன்னல் வழியாக மாங்கூழ் தொழிற்சாலையின் புளித்த வாசனை. நீ போய் இரண்டு மாம்பழ சீசன் ஆகிவிட்டது.

போலி ரேஷன் கார்டுகளைக் கண்டுபிடிக்க நான் எழுதிய நிரல் நினைவிருக்கிறதா? மூக்கண்டப்பள்ளியில் ஒரே கதவு எண்ணில் பதினோரு கார்டு என்று அது காட்டியதும் நான் குதித்தேன். "மாட்டுச்சு பாரு, அத்தனையும் போலி!" பக்கத்து மேசையிலிருந்து நீ எட்டிப் பார்த்தாய். "கம்ப்யூட்டர் வெயில்ல நிக்கறதில்லல்ல, அதான் அதுக்கு இவ்ளோ தைரியம். கெளம்புடி" என்று உன் கறுப்புக் குடையை எடுத்தாய்.

பஸ்ஸில் வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். போய்ப் பார்த்தால் லைன் வீடுகள். ஒரு குழாய், பதினோரு கதவு. எல்லாம் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள். வீட்டுக்காரர் கதவு எண் ஒன்றுதான் வாங்கியிருந்தார். நீ கன்னடத்தில் ஏதோ கேட்க, துணி அலசிக்கொண்டிருந்த அம்மாள் தமிழிலேயே சொன்னாள்: "நம்பர் ஒண்ணுதாம்மா. அடுப்பு பதினொண்ணு." என் பட்டியல் மறுநாள் போயிருந்தால் பதினோரு வீட்டிலும் அரிசி நின்றிருக்கும். அன்று வந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

திரும்பி வந்து, நேரில் பார்க்காமல் யாரையும் நீக்கக்கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தோம். நீ அதோடு விடவில்லை. அந்த லைன் வீட்டையே நிரலுக்குள் ஒரு சோதனையாக எழுதிவைத்தாய். யாராவது நிபந்தனையை எடுத்தால் நிரல் ஓடாமல் நின்று உன் வாக்கியத்தைக் காட்டும். நிரல் முழுவதையும் பொதுவில் வைக்கச் சொல்லி மேலதிகாரியிடம் மல்லுக்கட்டியதும் நீதான். "ஜனங்க சோத்து விஷயம் சார், ஜனங்க பாக்கட்டுமே." அரசாங்க நிரலில் 'சாமி' எல்லாம் எதற்கு என்று நான் கிண்டல் செய்தேன். அந்த வரியை அழிக்கத்தான் நினைத்திருந்தேன். நல்லவேளை, சோம்பேறித்தனம்.

ஏனென்றால் நேற்று, சென்னையில் இந்த நிரலுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற குழு, வேலை தாமதமாகிறது என்று அந்த நிபந்தனையை நீக்கிவிட்டிருந்தது. நான் லீவு. உன் சோதனை மட்டும் இல்லையென்றால் மாவட்டம் முழுக்க இன்றைக்கே ரேஷன் பட்டியலிலிருந்து பெயர்கள் போயிருக்கும். அப்பாடா! நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணிலும் தண்ணீர்.

சிறிது நேரத்தில் அந்தக் குழுவின் தலைவர் போன் செய்தார். "மேடம், இந்த வரிய எழுதினவங்ககிட்ட பேசணுமே."

"அவங்க தவறிட்டாங்க சார். சொல்ல வேண்டியத எழுதி வச்சுட்டுத்தான் போனாங்க."

பிறகு, "அப்ப அந்த எடத்த நீங்க காட்டுறீங்களா?"

செவ்வாய்க்கிழமை வருகிறார். வெயில் கொளுத்துகிறது. உன் குடை இன்னும் என் மேசையோரம்தான் சாய்ந்திருக்கிறது. ஒரு கம்பி வளைந்துவிட்டது. இருந்தாலும் இரண்டு பேருக்குப் போதும்.