மலை முடிந்துவிட்டது என்றார்கள்

இன்று காலை வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஜீப்பில் கொண்டுவந்த ஒரு பெண் குழந்தையை, கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். வாயைத் திறக்கச் சொல்லிக் குனிந்தேன். இனிப்பும் அழுகலும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. தொண்டையில் சாம்பல் நிறப் படலம். தொண்டை அடைப்பான். நம் நாட்டில் இல்லை என்று உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்களே, அதே நோய்.

டாக்டருக்குப் படித்து முடித்ததும் நாம் இருவரும் வெள்ளிமலையில் வேலைக்குச் சேர்ந்தோம். தியாகதுருகத்துக் கடைக்காரர் மகள் நான். எலவனாசூர்கோட்டையில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் மகள் நீ. கொட்டும் மழையில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ முன்னால் நடந்தாய். திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: "மழ பெஞ்சா யாரும் வரமாட்டாங்க. நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

"போன மழைக்கு வராததுக்குத்தாங்க இந்த மழைக்கு வந்தேன்" என்றாய். அவர் சிரித்துவிட்டுத் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

அந்த நடைதான் உன்னை டெல்லிவரை கொண்டுபோனது. நாடு முழுவதற்குமான தடுப்பூசித் திட்டத்துக்கு நீ தலைவியானபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பெரிய மேசை, பெரிய கூட்டங்கள். ஆனால் போனில் பேசினால் நீ கேட்டதெல்லாம் மலையில் எந்த ஊருக்கு இன்னும் பாதை இல்லை என்பதுதான்.

ஒருநாள் நீயே போன் செய்தாய். "எல்லா ஜில்லாவுலயும் ஊசி போட்டு முடிஞ்சிபோச்சி, இனி இந்த நோயே இல்லன்னு கையெழுத்து கேக்கறாங்கடி. ஜீப்பு போற ஊர மட்டும் பாத்துட்டு மலையே முடிஞ்சிச்சின்னு எப்படி எழுதறது?"

நீ எழுதவில்லை. அடுத்த வாரமே, பயிற்சிக்கு யாரும் வராத ஒரு பயிற்சி நிலையத்துக்கு உன்னைத் தூக்கிப் போட்டார்கள். உனக்குப் பின் வந்தவர் கையெழுத்துப் போட்டார். கேமராக்களுக்கு முன்னால் இனிப்புக் கொடுத்தார்கள். வேலையில்லாத அறையில் உட்கார்ந்தே நீ நோயில் விழுந்தாய்; பிறகு எழவே இல்லை. உன்னை மாற்றிய அதே மனிதர், இரங்கல் கூட்டத்தில் உன் படத்துக்கு மாலை போட்டு, "தேசத்துக்குப் பேரிழப்பு" என்றார். பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இழப்பாம். இழக்கச் செய்தது யார்?

இன்று அந்தக் குழந்தையின் அம்மாவிடம் ஊசி போட்டதுண்டா என்று கேட்டேன்.

"ஊசி போட யாருங்க வர்றாங்க, டாக்டரம்மா? நாங்க எறங்கி வந்தா அன்னிக்கு கூலி போவுது" என்றாள். அவள் குரலில் புகார்கூட இல்லை. அதுதான் என்னை எரித்தது.

நோயின் நச்சை முறிக்கும் மருந்து சென்னையிலிருந்து வரவேண்டும். மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

"அந்த நோயிதான் நம்மகிட்ட இல்லியேம்மா. வேற பேர் எழுதிடுங்களேன்."

"வேற பேர் எழுதினா இந்த மருந்த எப்படிங்க கேக்கறது?"

"மேல கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நான் எழுதினேன்னு சொல்லுங்க."

நோயின் பெயரை அப்படியே எழுதினேன். மதியம் மருந்து வந்தது. மாலையில் குழந்தையின் மூச்சிரைப்பு குறைந்தது; தண்ணீர் கேட்டாள். நாளை அவள் ஊருக்கு ஊசிக்காரர்கள் ஏறப்போகிறார்கள். இனி மறைக்க முடியாதல்லவா?

அந்தப் பெயரை ஏன் எழுதினேன் என்று என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை ஜில்லா ஆபீசில் போய் நிற்கவேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று டெல்லியில் நீ சொல்ல மறுத்த பொய்யை இங்கே நானும் சொல்லப்போவதில்லை. உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த மறுப்பு ஒன்றுதான்.

நர்சிடம் நான் வியாழக்கிழமை விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தது குழந்தையின் அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. வார்டை விட்டுக் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"எந்த ஆபீசுங்க அது? நானும் வர்றேன். எம் பொண்ணுக்கு இன்னா வந்துச்சின்னு நானே சொல்றேன்."

உன்னோடு அன்று யாரும் போகவில்லை. என்னோடு அவள் வருகிறாள்.