மடல் எண் பதினாறு

11 பிப்ரவரி 2009, புதன்.

எங்கள் சபையிலிருந்து வெளிநாடு சென்றவர்களுக்கு மாதந்தோறும் மின்மடல் எழுதி அனுப்புவது என் பொறுப்பு. ஜனவரி மடலின் நான்காம் பத்தியில், நண்பர் சாமுவேல் மருத்துவமனையில் இருப்பதையும் மகனைக் காண விரும்புவதையும் குறிப்பிட்டிருந்தேன். சிங்கப்பூரிலுள்ள மகன் அருளின் தொலைபேசி எண் மாறிவிட்டிருந்தது. வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

பபேடான் பகுதி இணையக் கடையில் மடலைத் தட்டச்சு செய்யும் ஸ்டெல்லா, பர்மிய வழக்கில் என்னை மாமா என்றழைத்து, அன்றே சொன்னாள்: "ஊலே, 'மடல் எண் பதினாறு'ன்னு தலைப்புப் போட்டா எவன் தொறப்பான்? 'அருள், அப்பா ஒன்னத் தேடுறாரு'ன்னு போடுங்க." பொது மடலுக்கு ஒரு முறை உண்டு என்று மறுத்தேன்.

சாமுவேலை அடக்கம் செய்து ஒன்பது நாட்களுக்குப் பின், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, இன்று அருள் வந்தான்.

"மடல் வந்துச்சு மாமா. எப்பவும்போல கூட்டத் தீர்மானமா இருக்கும்னு தொறக்காம விட்டுட்டேன்."

முறைப்படி அனுப்பிய அறிவிப்பு சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும். முப்பது ஆண்டுகளாக நீதிமன்றத்தில் அவ்வாறே வாதிட்டிருக்கிறேன். அவனிடம் அதைச் சொல்ல இயலவில்லை.

அவனே என்னைக் கடைக்கு அழைத்துச் சென்று, என் முன்னிலையில் மடலைத் திறந்தான். நான்காம் பத்தியை நிதானமாக இருமுறை படித்தான்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பத்தியைச் சற்றுமுன் மீண்டும் படித்தேன். பிழை ஏதும் இல்லை. இம்மாத மடலில் சாமுவேலின் மறைவை அறிவிக்க வேண்டும். வெற்றுத் தாளை எடுத்து வைத்தேன். 'மடல் எண் பதினேழு' என்று என் கை முதலில் எழுதியிருக்கிறது.