காசிமின் முன்சக்கரம்

மாசி மாதம், ஞாயிறு இரவு

இந்த ஆண்டின் முதல் சைக்கிள் பந்தயம். எங்கள் அணியில் இன்று என்னை ஜெயிக்க வைப்பதாகப் பேச்சு. பிள்ளையார்பட்டி தாண்டியதும் என் முன்சக்கரம் பஞ்சர். கூட வந்த எங்கள் அணிக் காசிம் சட்டென்று இறங்கி, தன் சக்கரத்தைக் கழற்றி நீட்டினான்.

"நீங்க போங்கண்ணே. நான் இங்குட்டு இருக்கேன்."

அதற்கு முன்பே என் கால்கள் ஓய்ந்திருந்தன. அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. இதை உன் சைக்கிளிலேயே திரும்ப மாட்டிக்கொண்டு நீ போ என்று சொல்லியிருக்கலாம். வாங்கி மாட்டிக்கொண்டேன். அடுத்த மேட்டிலேயே மற்ற வீரர்களின் கூட்டம் என்னை விட்டுப் போய்விட்டது.

பந்தயம் முடிந்து திரும்பி வந்தபோது என் பஞ்சர் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

"எத்தனாவதா வந்தீக?"

"கடைசி."

"எதிர்காத்து அப்புடிண்ணே. அடுத்த ரேஸுக்கும் என் சக்கரத்தையே போட்டுக்கங்க."

கால் ஓய்ந்ததைச் சொல்லாமல், எதிர்காற்று என்றே விட்டுவிட்டேன். சக்கரம் இன்னும் என் சைக்கிளில்தான் இருக்கிறது.