பவளத்தின் இரண்டாவது ஊசி

மஸ்கட்,
5.11.2023

அன்பு மச்சான் குணசேகரனுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீயும் என் பவளமும் எப்படி? போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குத்தாலத்தில் இப்போது வயல் முழுக்கத் தண்ணீர், வீடு முழுக்கக் கொசு. கொசுக்கடியால் பவளம் மாதிரிக் குதிரைகளுக்கும் மூளைக்காய்ச்சல் வரும். கால்நடை டாக்டர் குந்தவையிடம் பேசிவிட்டேன். ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடுப்பூசி போட வேண்டும், ஒன்றோடு நிறுத்தினால் போதாது என்றார். ஊசி போட்டால் சில நாள் ஓட்டக்கூடாது என்றதும் நீ முனகுவாய். முனகிக்கொண்டே போடு. புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குதிரையை உன்னை நம்பித்தான் விட்டு வந்திருக்கிறேன்.

உன்
உபைதுல்லா


குத்தாலம்,
22.12.2023

பிரியமுள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படித்து, நீ எப்போது டாக்டருக்குப் படித்தாய் என்று யோசித்தேன். இரண்டு ஊசியும் போட்டாயிற்று. நேற்று இரண்டாவது ஊசிக்குக் காதை மடக்கிக்கொண்டு என் தோளைக் கடித்துவிட்டாள் உன் செல்ல மகள். சாயங்காலம் வேப்பிலைப் புகையும் போடுகிறேன். காணும் பொங்கல் வண்டிப் பந்தயத்தில் கோப்பை நமக்குத்தான். நிம்மதியாக வேலையைப் பார்.

என்றும் உன்
குணா


நாகூர்,
11.2.2024

குணசேகரனுக்கு,

பவளம் செத்த செய்தி கேட்டு ஓடிவந்து, அவளைப் புதைத்த இடத்தில் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். "ஊசி போட்டும் காய்ச்சல் வந்துடுச்சே மச்சான்" என்றாய். நம்பினேன்.

நேற்று டாக்டரிடம் போய், கெட்ட மருந்தைப் போட்டுக் கொன்றுவிட்டீர்கள் என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். முதல் ஊசி மட்டும்தான் இருந்தது. இரண்டாவதற்கு உன்னை மூன்று முறை கூப்பிட்டாராம். "பந்தயம் முடியட்டும் டாக்டர், இப்பப் போட்டா குதிரை சுணங்கிடும்" என்றாயாம்.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதற்குள் கூசிப்போனேன். போடவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் திட்டியிருப்பேன், அவ்வளவுதான். டாக்டரை வீட்டுக்கே அனுப்பியிருப்பேன். பவளம் இருந்திருப்பாள்.

ஜெயித்த கோப்பையை நீயே வைத்துக்கொள். நாளை மஸ்கட் திரும்புகிறேன். பதில் எழுதாதே, பிரிக்க மாட்டேன்.

தோளைக் கடித்தாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மஸ்கட் அறையில் இருந்த எல்லோருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தேன்.

உபைதுல்லா