மதியச் சொட்டு

ஜூன் 3, செவ்வாய்

அக்காவைப் பார்த்துக்கொள்ளப் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து உதவியாளர் வந்தாயிற்று. நாற்பது வயதிருக்கும், நிதானமானவள். குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது எல்லாம் பாங்காகச் செய்கிறாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும் விடமாட்டாளாம்.

"உரிமம் இல்லாதவங்க மருந்து குடுக்கக் கூடாதுக்கா. ஞாபகப்படுத்தலாம். பாட்டிலை எடுத்துக் கையில குடுக்கலாம். அவங்களாத்தான் விட்டுக்கணும்."

அக்காவின் கை நடுக்கத்துக்கு அது கண்ணில் விழுமா? கண் அழுத்த நோயில் வலது கண் போயே போய்விட்டது. இடதைக் காப்பாற்றுவது அந்தச் சொட்டுதான். காலையும் இரவும் நான் விடுகிறேன். மதியம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருக்கும் நான் எழுந்து வர முடியுமா?

ஜூன் 4

எல்லாச் சொட்டும் கன்னத்தில். "கன்னத்துக்கு இனிமே அழுத்தமே வராதுடி" என்று அக்கா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். குடும்பத்தார் விடலாமாம்; அவர்களுக்கு விலக்கு உண்டாம். "வீட்டுல சார் இருக்காருல்ல, அவரை விடச் சொல்லுங்க."

சார் என்றால் அத்தான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடுகிறவர். அவருக்கு விலக்கு. கண்ணும் கையும் நன்றாக உள்ளவள் பக்கத்தில் நின்று ஞாபகப்படுத்த வேண்டும். எவன் எழுதினான் இந்தச் சட்டத்தை?

ஜூன் 10, செவ்வாய்

அத்தான் தன் காது மருந்தை அக்கா கண்ணில் விட்டுவிட்டார். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் பாட்டில், ஒரே அலமாரி. "ஐயோ, அது காதுக்கு—" என்று உதவியாளர் சொல்லி முடிப்பதற்குள் விழுந்துவிட்டது. அக்கா துடித்துப்போயிருக்கிறாள். உதவியாளர்தான் குழாயடிக்கு இழுத்துப்போய், இமையை விரித்துப் பிடித்து, விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

கண் மருத்துவர் சொன்னார்: "உடனே கழுவினது நல்லதாப் போச்சு. கருவிழியில லேசாப் புண்ணு. ஆறிடும்."

அத்தானைத் திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஜூன் 12

உதவியாளரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். குற்றம்? கண்ணைத் தொட்டது. நடந்ததை ஒளிக்காமல் அவளே சொல்லியிருக்கிறாள்.

நிறுவனத்துக்கு நேரில் போனேன். "அவசரத்துக்குச் சட்டத்துல விலக்கு இருக்குங்க, எங்க விதியில இல்ல" என்றார் மேலாளர். "முன்னாடி ஒருத்தி இன்சுலினை மாத்திப் போட்டு ஒரு பெரியவர் போயிட்டாரு. அதுக்கப்புறம்தான் இவ்வளவு கட்டுப்பாடு."

அது நியாயம். மறுக்கவில்லை. ஆனால் ஒரு நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்து, செய்ய வைத்துப் பார்த்து, பொறுப்பேற்றுக்கொண்டால் உதவியாளரும் சொட்டு விடலாம் என்று கண் மருத்துவர் சொன்னாரே?

"எங்ககிட்ட நர்ஸ் இல்லீங்களே."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை. நர்ஸ் வைக்காத கஞ்சத்தனத்துக்குச் சட்டம் என்று பெயர். என்ன மனுஷங்க இவங்க?

ஜூன் 16, திங்கள்

சட்டத்தை வாங்கிப் படித்தேன். கூலி வாங்காமல் வேண்டியவர்கள் செய்யும் உதவிக்கும் விலக்கு இருக்கிறது. அதாவது, இதே பெண், இதே கை, இதே சொட்டு. சம்பளம் வாங்கினால் குற்றம், வாங்காவிட்டால் அன்பு. அவள் மட்டும் சும்மா உழைத்து என்னத்தைச் சாப்பிடுவாள்?

மாலையில் அவளை வரவழைத்தேன். எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில் அத்தான் முந்திக்கொண்டார். காது மருந்து விட்ட நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறார்.

"தங்கச்சி, நீ நம்ம வீட்டுக்குச் சமையலுக்கு வா. அதுக்குச் சம்பளம்."

"எனக்குச் சமைக்க வராதுண்ணே."

"உன்னை யாரு சமைக்கச் சொன்னா?"

ஜூன் 18

அக்கா, அவள், நான் மூவருமாகக் கண் மருத்துவமனைக்குப் போனோம். சொட்டு விடும் விதத்தை நர்ஸ் சொல்லிக்கொடுத்து, நான்கு முறை செய்ய வைத்துப் பார்த்தார். "இவங்க யாரு?" என்று கேட்டதற்கு அக்கா முந்திக்கொண்டாள்: "சமையல்காரம்மா."

ஜூலை 1, செவ்வாய்

விடுப்பு. புண் ஆறிவிட்டது, அழுத்தமும் இறங்கியிருக்கிறது. காது மருந்து இப்போது அத்தானின் சட்டைப்பையில்.

மதியம் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் சமையல்காரம்மா அக்காவின் கீழிமையை இழுத்துப் பிடித்து ஒரே ஒரு சொட்டு விட்டாள். கன்னம் நனையவில்லை.

சாப்பாட்டில் உப்பே இல்லை. சமையல்காரம்மாவை யாரும் குறை சொல்லவில்லை.